சைக்கிள் கற்ற மாவட்டத்தில் ஸ்மார்ட் போர்டு

(கந்தர்வக்கோட்டையில் ஆசிரியர்களும் பெற்றோரும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பள்ளியில் தொழில்நுட்பம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இந்தத் தலைப்பு கிடைத்தால் பேச வருகிறவர்கள் கருவிகளைப் பற்றிப் பேசுவது வழக்கம். எந்தத் திரை எத்தனை அங்குலம், எந்தச் செயலியில் என்ன வசதி என்று நேரம் போய்விடும். நான் ஆசிரியரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

கருவிகள் வந்து சேர்ந்துவிட்டன. 2024 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டத்தில் மட்டும் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட திறன்மிகு வகுப்பறைகள், ஆசிரியர்களுக்கு ஏறத்தாழ 80 ஆயிரம் கைக்கணினிகள். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஹைடெக் லேப்புகள். முந்திரிக் காட்டுக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிற பெற்றோரின் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் தொடுதிரை இருக்கிறது என்றால், அது சாதாரண விஷயம் இல்லை. வரிப்பணம் சரியான இடத்துக்கு வந்திருக்கிறது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது.

ஆனால் அந்தத் திரைக்கு வேலை கொடுக்க வேண்டியவர் ஆசிரியர். இன்று பல பள்ளிகளில் திரைதான் ஆசிரியருக்கு வேலை கொடுத்துக்கொண்டிருக்கிறது. நான் பேச வந்தது இந்த நிலையை மாற்றுவதைப் பற்றித்தான்.

நம் மாவட்டத்துக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்த காலத்தில் மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவு இயக்கம் என்றால் சிலேட்டு, பல்பம், விளக்கு வெளிச்சத்தில் இரவு வகுப்பு. அதற்குள் சைக்கிள் எப்படி நுழைந்தது? படிக்க வருகிற பெண்ணும் சொல்லிக்கொடுக்கப் போகிற பெண்ணும் ஊர்விட்டு ஊர் போக வேண்டியிருந்தது. பல கிராமங்களுக்கு பஸ் கிடையாது. அண்ணனோ கணவனோ கொண்டுபோய் விட்டால்தான் உண்டு. படிக்கத் தெரிந்தும் நகர முடியாத பெண்ணுக்கு அந்தப் படிப்பால் பாதிப் பயன்தான் என்று இயக்கத்தில் இருந்தவர்கள் கண்டுகொண்டார்கள். அதனால் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்வதையே எழுத்தறிவின் ஒரு பகுதியாக்கினார்கள். இயக்கத்தைச் சேர்ந்த முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊர் ஊராகப் பாடப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானங்களில் பெண்கள் விழுந்து எழுந்து ஓட்டிப் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தை ஒட்டி 1500க்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகருக்குள் ஊர்வலமாகச் சைக்கிளில் வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். அந்த எழுத்து இடம்பெற்ற அவருடைய நூல் 1996இல் வந்தது. கல்குவாரித் தொழிலாளிகள், வயல்வேலை செய்கிறவர்கள், கல் பட்டை தீட்டுகிறவர்கள், கிராமச் செவிலியர்கள், சத்துணவுப் பணியாளர்கள் என்று அவர் சொல்லும் பெண்களின் வரிசையில் பள்ளி ஆசிரியைகளும் இருக்கிறார்கள்.

அவர் குறித்திருக்கும் ஒரு செய்தியை ஆசிரியர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். அப்போது கடைகளில் லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடு. பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கினார்கள். பிறகு பார்த்தால், சிலருக்கு அதுவே பிடித்துப்போயிருக்கிறது. இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே போகிற அந்தக் கம்பியில் பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு போகலாம் என்பதுதான் காரணம். ஆண்கள் ஓட்டுவதற்கென்று செய்த வண்டியில், அதைச் செய்தவர்கள் நினைத்தே பார்க்காத ஒரு பயனை ஒரு தாய் கண்டுபிடித்திருக்கிறாள். தன் தேவை அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. கருவி அந்தத் தேவைக்கு வளைந்துகொடுத்தது.

இன்னொன்றையும் பாருங்கள். அரசு, மேல்நிலை வகுப்பில் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது 2001–02இல். பிறகுதான் அது எல்லாருக்கும் விரிந்தது. இங்கே பெண்கள் ஓட்டிக் காட்டி ஏறத்தாழ பத்தாண்டு கழித்து அந்தத் திட்டம் வருகிறது. பழக்கம் முன்னால் வந்தது, பொருள் பின்னால் வந்தது. இப்போது நம் பள்ளிகளில் வரிசை மாறியிருக்கிறது. பொருள் முதலில் வந்து சுவரில் ஏறிவிட்டது. பழக்கத்தை இனிமேல்தான் நாம் உண்டாக்க வேண்டும். சுற்றறிக்கையால் பழக்கம் வராது. பக்கத்துப் பள்ளி டீச்சர் செய்வதைப் பார்த்தால் வரும்.

அறிவொளி முடிந்து இருபதாண்டு கழித்து இதே மாவட்டத்தில் இந்த முறை ஆசிரியர்களே முன்னால் வந்தார்கள். கவிஞரும் தமிழாசிரியருமான நா. முத்துநிலவன் முன்னின்ற கணினித் தமிழ்ச் சங்கம் ஆசிரியர்களுக்கு இணையத் தமிழ்ப் பயிற்சி கொடுத்தது. அப்போது மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலராக இருந்த முனைவர் நா. அருள்முருகன் அதற்கு ஊக்கமாக இருந்தார். ஒருங்குறியில் தட்டச்சு செய்வது, மின்னஞ்சல் அனுப்புவது, வலைப்பூ தொடங்குவது. இன்றைக்கு இதெல்லாம் சின்ன விஷயமாகத் தெரியும். அன்றைக்கு, கணினி என்றால் கணினி ஆசிரியருக்கு மட்டும் என்றிருந்த பள்ளியில், தமிழாசிரியரும் வரலாற்று ஆசிரியரும் தங்கள் பெயரில் வலைப்பூ வைத்து எழுதினார்கள். பாடம் நடத்திய அனுபவத்தை எழுதினார்கள், கவிதை எழுதினார்கள், கல்வித்துறையைக் கேள்வியும் கேட்டார்கள். 2015 அக்டோபர் 11 அன்று புதுக்கோட்டையில் நடந்த வலைப்பதிவர் திருவிழாவுக்கு வெளியூர்களிலிருந்தெல்லாம் எழுதுகிறவர்கள் வந்தார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தோடு சேர்ந்து போட்டிகள் நடத்தினார்கள், கையேடு போட்டார்கள். இதை எந்த நிறுவனமும் விற்கவில்லை, எந்த ஆணையும் கட்டாயப்படுத்தவில்லை. தெரிந்த ஆசிரியர் தெரியாத ஆசிரியருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். 2017இல் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடந்தபோதும் இதே முறைதான் கைகொடுத்தது.

ஆசிரியர் தலைமை என்று நான் சொல்வது இதைத்தான். மேடையும் பொன்னாடையும் எனக்குப் பெரிதில்லை. தன் வகுப்பில் எதற்கு எது தேவை என்று தானே முடிவுசெய்து, செய்து பார்த்து, அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கிறவரே தலைவர்.

அறந்தாங்கிப் பக்கம் பச்சலூர் அரசு நடுநிலைப் பள்ளியை உங்களில் பலர் நேரிலேயே பார்த்திருப்பீர்கள். தலைமையாசிரியர் ஜோதிமணி முதலில் மாங்குடிப் பள்ளியையும் பிறகு பச்சலூர்ப் பள்ளியையும் ஊர் மக்கள், நன்கொடையாளர்கள் துணையோடு மாற்றிக் காட்டினார். குளிர்சாதன வகுப்பறை, தொடுதிரை என்று பத்திரிகைகள் படம் போட்டன. பார்க்கப் போகிறவர்களும் அதைத்தான் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். ஏ.சி. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பதை விட, முதலில் எதைச் சரிசெய்தீர்கள், ஊரை எப்படிக் கூட்டினீர்கள், சக ஆசிரியர்கள் எப்படி ஒத்துழைத்தார்கள் என்று கேட்டால் நம் பள்ளிக்குக் கொண்டுவர ஏதாவது கிடைக்கும். ஏ.சி.யை நகல் எடுக்கப் பணம் வேண்டும். ஒரு தலைமையாசிரியர் வேலையை வரிசைப்படுத்திய விதத்தை நகல் எடுக்கப் பணம் வேண்டாம்.

மராத்தி மண்ணில் சோலாப்பூர் மாவட்டத்துப் பரிதேவாடி என்கிற சிற்றூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜில்லா பரிஷத் தொடக்கப்பள்ளி ஆசிரியர் ரஞ்சித்சிங் திசாலே, பாடப்புத்தகத்தின் பக்கங்களில் க்யூஆர் குறியீட்டை ஒட்டினார். பிள்ளைகள் வீட்டில் இருக்கிற ஒரே போனில் அதைக் காட்டினால் பாட்டும் கதையும் விளக்கமும் வரும். ஒரு கிராமத்து ஆசிரியர் தன் வகுப்புக்காகச் செய்ததை முதலில் மாநிலம் எடுத்துக்கொண்டது, பிறகு நாடு எடுத்துக்கொண்டது. 2020இல் அவருக்கு உலக ஆசிரியர் பரிசு கிடைத்தது. பத்து லட்சம் டாலர். அதில் பாதியை இறுதிச் சுற்றுக்கு வந்த மற்ற ஒன்பது ஆசிரியர்களுக்கும் பங்கிட்டுக்கொடுத்தார். நம் மாநிலத்தில் 2018இல் வந்த புதிய பாடநூல்களிலும் விரைவுக் குறியீடு வந்தது. பல பாடங்களின் முடிவில் இணையச் செயல்பாடு என்று ஒரு பக்கமும் வந்தது. அவற்றை உருவாக்கியதில் நம் ஆசிரியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. உங்கள் பள்ளிப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள் என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. நம் சக ஆசிரியர் ஒருவர் ராத்திரி கண்விழித்துச் செய்த வேலை அங்கே இருக்கிறது.

இப்போது வகுப்பறைக்குள் போவோம். மூன்றாம் வகுப்பு. ஒரு டீச்சர் தன் சொந்த போனில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நிமிடம் வாசிப்பதை மாதம் ஒருமுறை பதிவு செய்கிறார். அவ்வளவுதான். செயலி கிடையாது, இணையம் வேண்டாம், போனில் இருக்கும் குரல்பதிவு வசதி போதும். ஜூலையில் ஒரு சிறுமி விரலை எழுத்து மேல் வைத்து, ம... ர... ங்... கொ... த்... தி... என்று எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள். கடைசி எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து மறந்துபோகிறது. நவம்பரில் அதே சிறுமி அதே பக்கத்தை வாசிக்கிறாள். டீச்சர் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுகிறார். முதல் பதிவைக் கேட்டதும் அது தன் குரல்தான் என்று அந்தப் பிள்ளைக்கு நம்ப முடியவில்லை. அது யாரு டீச்சர் என்று கேட்கிறாள். நீதாம்மா என்றதும் போனைக் காதோடு வைத்து இன்னொரு தடவை கேட்கிறாள். பிறகு, தானே எந்த இடத்தில் தடுக்கியிருக்கிறாள் என்று சொல்கிறாள்.

இதில் என்னென்ன நடந்தது என்று பாருங்கள். தன் முன்னேற்றத்தைப் பிள்ளை தன் காதாலேயே கேட்டாள். மதிப்பெண் சொல்லாததை அந்தக் குரல் சொன்னது. டீச்சருக்கு எந்தப் பிள்ளை மெய்யெழுத்தில் தடுக்குகிறது, எந்தப் பிள்ளை ஒற்றைக் கொம்பையும் இரட்டைக் கொம்பையும் குழப்புகிறது என்று தெரிந்தது. கூலிவேலை முடிந்து ஆறு மணிக்கு வரும் தாய்க்கு, எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும், பிள்ளை படிக்கிறாள் என்பதை நிரூபிக்க இரண்டு நிமிடம் போதும். முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்துப் போடச் சொன்னால் தலைகுனிகிற அம்மா, இங்கே சிரிக்கிறார். எனக்குத் தெரிந்த வரையில் எந்த ஸ்மார்ட் கிளாஸ் விளம்பரத்திலும் இந்த வேலை இல்லை. இது ஆசிரியருக்குத் தோன்றியது. பதிவுகளைப் பெற்றோர் ஒப்புதலோடு வைத்துக்கொள்ளவும், குழுக்களில் பகிராமல் இருக்கவும், ஆண்டு முடிவில் அழித்துவிடவும் அந்த டீச்சருக்கே தோன்றியது. பிள்ளையின் குரலும் முகமும் அந்தப் பிள்ளையின் சொத்து. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்காக மாணவர் படத்தைப் போடுகிற பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும்.

எட்டாம் வகுப்பு அறிவியலுக்கு வாருங்கள். தனி ஊசல். திரையில் அழகான அசைவூட்டப் படம் இருக்கிறது. போட்டுக் காட்டினால் பத்து நிமிடத்தில் பாடம் முடிந்துவிடும். பிள்ளைகள் மெய்மறந்து பார்ப்பார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக, பள்ளி வளாகத்து வேப்பங்கிளையில் ஒரு மீட்டர் நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். கைக்கணினியில் இருக்கும் ஸ்டாப்வாட்சை ஒரு பிள்ளை கையில் கொடுங்கள். பத்து முறை போய்வர ஏறத்தாழ 20 விநாடி ஆகும். ஒருமுறைக்கு 2 விநாடி. இப்போது நூலைப் பாதியாக்கினால் நேரமும் பாதியாகுமா என்று கேளுங்கள். எல்லாக் கையும் உயரும். அளந்து பாருங்கள், ஆகாது. பாதியிலும் பாதி, 25 சென்டிமீட்டர் ஆக்கினால்தான் ஒரு விநாடிக்கு வரும். ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள். அவர்கள் கேட்ட பிறகு வகுப்புக்குத் திரும்பி வந்து, அந்த அசைவூட்டப் படத்தைப் போடுங்கள். கல்லின் எடையை மாற்றினால் என்ன ஆகும், நிலாவில் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்று திரையில் மாற்றிப் பார்க்கலாம். வேப்பமரத்தில் நிலாவைக் காட்ட முடியாது. திரையில்தான் முடியும். எங்கே மரம், எங்கே திரை, எது முதலில், எது பிறகு என்பதை முடிவுசெய்கிற அறிவு கருவிக்குள் இல்லை. ஆசிரியரிடம் இருக்கிறது.

யுனெஸ்கோ 2023இல் வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை முழுவதும் கல்வியில் தொழில்நுட்பம் பற்றியது. இந்தக் கருவி யாருடைய நிபந்தனையின்படி இயங்குகிறது என்பதுதான் அதன் தலைப்பிலேயே இருக்கும் கேள்வி. பெரு நாட்டில் பத்து லட்சத்துக்கும் அதிகமான மடிக்கணினிகளைக் கொடுத்தார்கள், கற்பிக்கும் முறையோடு அவற்றை இணைக்காததால் கற்றலில் முன்னேற்றம் இல்லை என்று அந்த அறிக்கை சொல்கிறது. நம் மாநிலத்தில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் ஏழை வீட்டுப் பிள்ளைகள் பலர் கல்லூரிப் படிப்பிலும் வேலையிலும் முன்னுக்கு வந்தார்கள். அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த மடிக்கணினி பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்துக்குள் எத்தனை பள்ளியில் வந்தது? பிள்ளைக்குக் கொடுத்தோம். அந்தப் பிள்ளைக்குப் பாடம் நடத்துகிறவரை, இதை வைத்து என்ன செய்யலாம் ஐயா என்று யாரும் உட்காரவைத்துக் கேட்கவில்லை.

கேட்ட காலமும் உண்டு. 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ரிஷிவேலிப் பள்ளியில் கற்றல் அட்டைகளை வைத்து நடந்த முறையைப் பார்த்துவர மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர்களை அனுப்பினார். அவர்கள் திரும்பி வந்து அட்டைகளைத் தாங்களே எழுதி, வரைந்து, 13 பள்ளிகளில் தொடங்கியதுதான் செயல்வழிக் கற்றல். நாலைந்து ஆண்டுகளில் அது மாநிலம் முழுக்கப் போனது. அட்டையும் ஒரு தொழில்நுட்பம்தான். மின்சாரம் வேண்டாத தொழில்நுட்பம். எழுதியவர்கள் கையில் அது உயிரோடு இருந்தது. பெட்டியில் கட்டி மற்ற ஊர்களுக்கு வந்தபோது சில இடங்களில் உயிர்பிடித்தது, பல இடங்களில் அலமாரிக்குள் போனது. அளவு பெருகும்போது ஆசிரியரின் பங்கும் கூடவே பெருக வேண்டும் என்பதை நாம் அப்போதே கற்றிருக்க வேண்டும்.

ஆசிரியர் கையிலிருக்கும் தொழில்நுட்பத்தில் பாதிக்கு மேல் கற்பித்தலுக்குச் சம்பந்தமில்லாதது என்பதையும் இங்கே வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். காலையில் எமிஸ் என்கிற கல்வித் தகவல் இணையதளத்தில் வருகைப்பதிவு. அப்புறம் இன்னொரு பதிவேற்றம், அப்புறம் ஒரு படிவம், அப்புறம் ஒரு புகைப்படம். நெட்வொர்க் சுற்றிக்கொண்டே இருக்கும். முன்னால் நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். தொழில்நுட்பம் என்றாலே சலிப்பு வருகிறது என்று சொல்கிற ஆசிரியர் சோம்பேறி இல்லை. அவருடைய அனுபவத்தில் தொழில்நுட்பம் என்பது மேலே அனுப்புகிற தகவல்தான், பிள்ளைக்குத் திரும்பிவருகிற உதவி இல்லை. ஆசிரியர் சங்கங்கள் இந்தப் பதிவேற்றப் பணிகளிலிருந்து விடுவிக்கக் கேட்டு வருவது நியாயம். ஒரு ஒன்றியத்தின் ஆசிரியர்கள் சேர்ந்து, எந்தத் தகவலை இரண்டு முறை கேட்கிறார்கள், எது யாருக்கும் பயன்படவில்லை என்று எழுதிக்கொடுத்தால், அது வெறும் புகாராக இராது, அதுவும் தலைமைதான். வேண்டாத வேலைக்கு வேண்டாம் என்று காரணத்தோடு சொல்லத் தெரிந்தவரால்தான் வேண்டியதை முழுமனதோடு செய்ய முடியும்.

கஜா புயலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலை. தென்னையும் முந்திரியும் பலாவும் விழுந்த காட்சி இந்த வட்டாரத்துக்கு இன்னும் ஆறவில்லை. மின்கம்பங்கள் சாய்ந்து, பல கிராமங்களுக்கு மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. அடுத்து கொரோனா. 2020 மார்ச்சில் மூடிய பள்ளியில் ஒன்று முதல் எட்டு வரையான பிள்ளைகள் மீண்டும் வந்து உட்கார்ந்தது 2021 நவம்பர் 1ஆம் தேதி. கல்வித் தொலைக்காட்சி இருந்தது. வாட்ஸ்அப் வகுப்பும் இருந்தது. ஆனால் போன் அப்பாவிடம் இருந்தது, அப்பா வேலைக்குப் போயிருந்தார். அந்தக் காலத்தில் மரத்தடியிலும் திண்ணையிலும் பிள்ளைகளைக் கூட்டி, அச்செடுத்த பயிற்சித்தாளைச் சைக்கிளிலும் பைக்கிலும் கொண்டுபோய்க் கொடுத்த ஆசிரியர்கள் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். ராமநாதபுரம் மாவட்டம் கீழாம்பல் தொடக்கப்பள்ளி ஆசிரியர் ராமச்சந்திரன் தன் மாணவர்களுக்கு போன் வாங்கிக்கொடுத்தார். 2022இல் தேசிய நல்லாசிரியர் விருது பெற்றார். அவரை வணங்குகிறேன். ஆனாலும் ஆசிரியரின் சம்பளத்தில்தான் பிள்ளைக்குக் கருவி வர வேண்டும் என்றாகிவிடக் கூடாது. அவருடைய யோசனையும் நேரமும் அக்கறையுமே நமக்கு வேண்டும். பணத்தை அரசும் ஊரும் போட வேண்டும்.

இந்த இரண்டு இடரும் சொல்லிக்கொடுத்த நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு. இணையம் இருந்தால்தான் நடக்கும் என்று எந்தப் பாடத்தையும் அமைக்காதீர்கள். வேண்டிய காணொளியை முன்னாடியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பென் டிரைவில் ஒரு படி, பக்கத்துப் பள்ளியில் ஒரு படி. மணற்கேணி செயலியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பாடக் காணொளிகள் இருக்கின்றன. அவற்றில் எது உங்கள் வகுப்புக்கு ஒத்துவருகிறது, எதில் பேச்சு வேகம் அதிகம் என்று ஓரத்தில் ஒரு வரி குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு அந்த வகுப்புக்கு வரும் ஆசிரியருக்கு அந்த ஒரு வரி தங்கம்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. பாடத்திட்டம் எழுதித் தருகிறது, வினாத்தாள் தருகிறது. பயன்படுத்துங்கள், பயப்பட வேண்டாம். ஆனால் அது தெரியாததையும் தெரிந்தமாதிரி அடித்துச் சொல்லும். இதைப் பிள்ளைகளுக்கு உபதேசமாகச் சொன்னால் ஏறாது. ஒன்பதாம் வகுப்பில் இப்படிச் செய்து பாருங்கள். தங்கள் ஊரைப் பற்றி, தச்சங்குறிச்சியோ கல்லாக்கோட்டையோ காட்டுநாவலோ, அதனிடம் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அச்செடுத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். தாத்தா, பாட்டி, ஊர்ப் பெரியவர்களிடம் வாசித்துக் காட்டி, தவறுகளைச் சிவப்பு மையில் திருத்தி வரச் சொல்லுங்கள். எந்தக் குளம் எங்கே இருக்கிறது, ஜல்லிக்கட்டு எந்த மாதம் நடக்கிறது, கோயில் எந்தச் சாமிக்கு என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார்கள். இயந்திரத்தின் பக்கத்தில் சிவப்புக் கோடு போட்ட பிள்ளை, பிறகு அது சொல்வதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாது. கூடவே ஊரின் வரலாறும் தமிழில் ஒரு பக்கம் எழுதப்பட்டுவிடும்.

தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். லேப் சாவி உங்கள் பீரோவில் இருக்கக் கூடாது. ஏதாவது உடைந்தால் யார் பொறுப்பு என்ற அச்சம் எனக்குப் புரிகிறது. தணிக்கை வரும், இருப்புப் பதிவேடு காட்ட வேண்டும். ஆனால் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் வாரண்டி முடிந்துபோன கணினியை விட, பிள்ளைகள் தொட்டுத் தொட்டு எழுத்தழிந்த விசைப்பலகையே பள்ளிக்குப் பெருமை. பொறுப்பை எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். கேபிள் மாட்டுவது, யுபிஎஸ் பார்ப்பது, தூசி துடைப்பது என்று ஒரு குழு. அதில் பாதிப்பேர் மாணவிகளாக இருக்கட்டும். திரை வேலை செய்யவில்லை என்றால், டேய் தம்பி இங்கே வா என்று பையனைத்தான் கூப்பிடுகிறோம், அதைக் கவனித்திருக்கிறீர்களா? ஜென்ட்ஸ் சைக்கிளை ஓட்டிக் காட்டிய பெண்களின் பேத்திகள் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஹெச்டிஎம்ஐ கேபிள் மாட்ட அவர்களுக்கு யார் அனுமதி தர வேண்டும்?

ஆசிரியர்களிடம் கேட்பது இது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்துக்கு வருகிறோம், மேலிருந்து வந்த காணொளியைப் பார்க்கிறோம், கையெழுத்துப் போடுகிறோம், போகிறோம். அந்த நாளில் பதினைந்து நிமிடம் நமக்கென்று எடுத்துக்கொள்வோம். ஒரு ஆசிரியர், தன் வகுப்பில் அந்த மாதம் செய்து பார்த்த ஒரே ஒரு பாடத்தைக் காட்ட வேண்டும். பவர்பாயிண்ட் வேண்டாம், பிள்ளைகள் செய்த வேலையைக் கொண்டுவந்தால் போதும். எங்கே சரியாக வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் அடுத்தவருக்கு அதிகம் உதவுவது அந்தப் பகுதிதான். ஆசிரியர் பயிற்றுநர்களே, இதற்கு நேரம் ஒதுக்கித் தாருங்கள். ஓய்வுபெற இரண்டு ஆண்டு இருக்கிற ஆசிரியரும் வரட்டும். பாடம் எந்த இடத்தில் பிள்ளைக்குப் புரியாமல் போகும் என்று அவருக்குத் தெரியும். கருவியை எப்படி இயக்குவது என்று புதிதாக வந்தவருக்குத் தெரியும். இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்தது.

மேலாண்மைக் குழுத் தாய்மார்களே, உங்களுக்கும் வேலை உண்டு. அடுத்த கூட்டத்தில், எங்கள் பள்ளிக்கு என்னென்ன வந்திருக்கிறது என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அந்த அறை இந்த மாதம் எத்தனை நாள் திறந்தது, எந்தெந்த வகுப்புக்கு, என் பிள்ளை அங்கே என்ன செய்தான் என்று கேளுங்கள். ஏதாவது பழுதென்றால் யாருக்கு எழுத வேண்டும் என்று கேட்டுத் தீர்மானம் போடுங்கள். அறையைத் திறந்து வேலை செய்கிற ஆசிரியரின் பெயரைக் கூட்டத்தில் சொல்லிப் பாராட்டுங்கள். கேள்வி கேட்க மட்டும் கூடுகிற ஊரில் ஆசிரியர் ஒதுங்கிப்போவார். கூட நிற்கிற ஊரில்தான் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கத் துணிவார்.

குறுவள மையத்தில் முதல் பதினைந்து நிமிடத்தை எடுத்துக்கொள்ள மூன்று பேர் முன்வந்தால் போதும், மூன்று மாதம் ஓடிவிடும். இந்தக் கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு நோட்டு இருக்கும். பெயர், பள்ளி, எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்று எழுதிவிட்டுப் போங்கள்.